ராஜம்மாவுக்குத் தெளிந்தது

பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால் ராஜம்மாவைப் பற்றிப் பேச மூங்கில் தோட்டம் என்ற ரப்பர் எஸ்டேட்டில் யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. நன்றாகப் பால் வெட்டுவாள், மரத்தில் காயம் படாது. குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்கும். ரெம்பியா பாசாருக்குப் போனால் வேண்டியதை வாங்கிக்கொண்டு, நின்று கதை பேசாமல் திரும்பிவிடுவாள். பிள்ளை இல்லை. அதைக்கூட லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் பேசித் தீர்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளுக்கென்று இருந்தவன் ஒரு தம்பி, சுப்பன். ஜப்பான்காரன் காலத்தில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுத்து அவனை ஆளாக்கியவள் ராஜம்மாதான். பிச்சைமுத்து பெண் கேட்டு வந்தபோது, "தம்பியும் கூட வருவான்" என்று சொன்னது ஒன்றுதான் அவள் போட்ட நிபந்தனை. பிச்சைமுத்து ஒத்துக்கொண்டான். சும்மா சொல்லக்கூடாது, மச்சானை நன்றாகவே வைத்துக்கொண்டான்.

யுத்தம் முடிந்ததும் சுப்பன் சங்கம், கூட்டம், கொடி என்று அலைந்தான். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டு, சங்கத்து ஆட்களைப் பிடிக்க லாரி வந்த காலையில், வாளியை மரத்தடியிலேயே வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனான். அதன்பிறகு வீட்டில் அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று பிச்சைமுத்து சொல்லிவிட்டான். யாராவது கேட்டால் சிங்கப்பூருக்குப் போய்விட்டான் என்பது பதில். லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, கேட் வந்தது, கேட்டில் சோதனை வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. காட்டிலிருந்து சண்டை போடுகிறவர்களுக்கு அது போய்ச் சேரும் என்பதால் சோறு துப்பாக்கிக்குச் சமமான குற்றம்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு நாள், காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்தும் யாரையும் மரத்துக்கு அனுப்பவில்லை. எல்லோரையும் லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் பலகைகளின் மேல் நான்கு பிணங்கள் கிடந்தன. ஒவ்வொரு மார்பிலும் எண் எழுதிய அட்டை. வரிசையாக நடந்து போகவேண்டும், ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்கவேண்டும். மொழிபெயர்க்க வந்திருந்த தமிழர் ஒரே குரலில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவனத் தெரியுமா?"

மூன்றாவது பலகையில் சுப்பன் கிடந்தான். மீசை வைத்திருந்தான். அவன் மீசை வைத்து ராஜம்மா பார்த்ததில்லை. வாய் திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற பிச்சைமுத்துவின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இறங்கின.

"தெரியாதுங்க" என்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

இரண்டாம் தடவை முகத்தைப் பார்க்க முடியாமல் அட்டையைப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு என்று எழுதியிருந்தது.

"தெரியாதுங்க."

திரும்பி வரும்போது லாரியில் யாரோ, இன்றைக்கு அரை நாள் சம்பளமாவது போடுவார்களா என்று கேட்டார்கள். அதற்கு வேறு யாரோ சிரித்தார்கள். ராஜம்மா வீட்டுக்கு வந்து, உலை வைத்து, சாப்பாடு போட்டு, தட்டைக் கழுவ உட்கார்ந்தாள். பிச்சைமுத்து ஒரு சுருட்டு பிடித்துவிட்டு வந்து பார்த்தபோது அதே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்போதும் அதே தட்டு.

"நானூத்திப் பதினேழு" என்றாள், தட்டைப் பார்த்து.

அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. பசிக்கிறதா என்றால் நானூற்றுப் பதினேழு. தலை வாரட்டுமா என்றால் நானூற்றுப் பதினேழு. வேலைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிக் கட்டை தெரியுமளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார். தோட்டத்து டிரசர் கணேசமூர்த்தி நாடி பிடித்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், ஒரு பாட்டில் மருந்து கலந்து கொடுத்தார்.

"இது என்கிட்ட தீர்ற சமாச்சாரம் இல்ல பிச்சமுத்து. மனநோய். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். நான் எழுதிப் போடுறேன், எடம் கெடச்சதும் வண்டி வரும்."

"கொணமாயிருமாங்கய்யா?"

"ஆகும், ஆகும். சீக்கிரமாப் போனா ஆகும்."

பிச்சைமுத்து அப்போது உண்மையாகவே அழுதான். வண்டி எப்போது வரும் என்று அடிக்கடி டிஸ்பென்சரிக்குப் போய்க் கேட்டவனும் அவன்தான்.

பக்கத்து வீட்டுக் கருப்பாயிதான் பிச்சைமுத்துவிடம் வேறொன்றைச் சொன்னாள். ராஜம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, குளிக்க வைத்துக்கொண்டிருந்தவள் அவள். நல்ல மனசுக்காரி, வாய் மட்டும் நிற்காது.

"தம்பி, நீ என்ன ஆம்பளலா? ஒரு மாசமா வீட்டுக்குள்ளயே ஒரு வாக்கு சொல்லிக்கிட்டு இருக்கு. காதுல வாங்குறியா?"

"என்ன வாக்கு?"

"நம்பர் சொல்லுதுல்ல! ஊரான் ஊரான் எல்லாம் செத்த பாம்பக் கேட்டு, கவுந்த லாரியப் பாத்து நம்பர் எடுக்குறான். ஒனக்கு வீட்டுலயே தெறந்து வச்சிருக்கு. போயி ஒரு சீட்டு வாங்கு."

அந்தப் பக்கத்தில் இது ஒருவரும் புதிதாகச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் பொதுவாக இருந்த நம்பிக்கை அது. புத்தி பேதலித்தவர் வாயில் வருவதும், சாவு நடந்த இடத்தில் கண்ணில் படுவதும் சும்மா வருவதில்லை. பிச்சைமுத்து அன்றைக்குக் கருப்பாயியை முறைத்துவிட்டுப் போனான். ஆனால் அடுத்த சம்பளத்தில் ரெம்பியா காப்பிக் கடையில் தொங்கிய லாட்டரிச் சீட்டுகளையெல்லாம் கடைக்காரத் தவ்கே சலித்துக்கொள்ளும்வரை புரட்டி, கடைசியில் நானூற்றுப் பதினேழு என்று முடிகிற ஒன்றைக் கிழித்துக்கொண்டான்.

விழுந்தது. முதல் பரிசுகூட இல்லை. ஆனாலும் பிச்சைமுத்து ஆயுள் முழுக்க வெட்டினாலும் ஒருசேரப் பார்த்திருக்க முடியாத பணம். செய்தி லயத்துக்கு வந்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் மூடவில்லை. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பிச்சைமுத்துவின் வீட்டுக்கு ஓடினார்கள். ராஜம்மா வாசலில் உட்கார்ந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கருப்பாயி அவள் காலில் விழுந்தாள்.

பிச்சைமுத்து அலோர் காஜாவில் ஒரு கடைவீட்டுக்கு விலை பேசி முடித்தான். இடம் மாறிப் போவதற்கு அதிகாரிகளின் அனுமதி வரவேண்டும், அதுவரை கம்பி வேலிக்குள்தான். அதனால் பணம் லயத்துக்கே வந்து இறங்கியது. மரப்பெட்டி ரேடியோ ஒன்று. கைவைத்த ரோத்தான் பிரம்பு நாற்காலி ஒன்று. ராஜம்மாவின் கைக்குப் பொன் வளையல். நாற்காலியில் அவளை உட்காரவைத்து, கழுத்தில் மாலை போட்டு, மடியில் ஒரு பீங்கான் தட்டையும் கொடுத்தார்கள். தட்டு இருந்தால்தான் வாக்கு வரும் என்று கருப்பாயி சொல்லியிருந்தாள்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் லயத்துக்காரர்கள், அப்புறம் டுரியான் துங்கால் பக்கத்திலிருந்துகூட அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு. கோழி, முட்டை, சிகரெட்டு டின், புடவை எல்லாம் வந்தது. அவள் எல்லோருக்கும் ஒன்றையே சொன்னாள். அதை வாங்கினார்கள், விழவில்லை. சளைக்கவில்லை. திருப்பிப் போட்டு எழுநூற்றுப் பதினான்கு வாங்கினார்கள். கூட்டிப் பார்த்தார்கள். அவள் எத்தனை தடவை இருமினாள் என்று ஒருவர் எண்ணினார், இல்லை தும்மல்தான் கணக்கு என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார்.

இந்தச் சமயத்தில் டிரசர் வந்தார்.

"எடம் கெடச்சிருச்சு. வியாழக்கெழம வண்டி வருது, தயார் பண்ணி வையி."

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தான். "வேணாங்கய்யா. அவ நல்லாத்தான் இருக்கா."

"என்னடா நல்லா இருக்கா? பொழுது விடிஞ்சா பொழுது போனா தட்டக் கழுவிக்கிட்டு!"

"சுத்தமா இருக்காங்கய்யா."

"ஒனக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கா? இப்ப போனா குணமாக்கிருவாங்க."

"அதாங்கய்யா பயமா இருக்கு" என்று சொன்னது கருப்பாயி. பிச்சைமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தான், மறுத்துச் சொல்லவில்லை.

கணேசமூர்த்தி கோபமாக எழுந்து படியிறங்கினார். படியில் நின்று தொண்டையைக் கனைத்தார். தணிந்த குரலில் கேட்டார்:

"அது சரி... புதுசா ஏதாச்சும் சொன்னாளா?"

வியாழக்கிழமை வண்டி வந்தது, வெறுமனே திரும்பியது.

நோய் எப்போது விலக ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் அதைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. மாதக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் முழுக்கத் தன் தம்பியின் மார்பிலிருந்த எண்ணைச் சொல்லிக் கெஞ்சுவதைக் கேட்டுக் கேட்டுத்தானோ என்னவோ, ஒரு மத்தியானம் ராஜம்மா தட்டைக் கீழே வைத்தாள். வீட்டில் பிச்சைமுத்து மட்டும் இருந்தான், ரேடியோவின் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க" என்றாள். "சுப்பனுக்குச் சோறு வைக்கணும்."

பிச்சைமுத்து துள்ளி எழுந்து கதவைச் சாத்தினான். அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்ற சந்தோஷம் அவன் முகத்தில் வரவில்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெல்லப் பேசு புள்ள."

"வருசம் திரும்பப் போவுது. பதினாறாம் நாளும் செய்யல. மண்ணு எங்க போட்டாங்கன்னும் தெரியாது. ஆத்தோரத்துல மூணு பிடி சோறு வச்சா எனக்குப் போதும்."

"கேட்டுல சோத்தோட புடிச்சா என்னா ஆவும்? யாருக்குன்னு கேப்பான். காட்டுக்குப் போனவனுக்குன்னு சொல்லுவியா? வளத்தவ, தெரியாதுன்னு சொன்னவ, எல்லாம் வெளிய வரும். ரெண்டு பேரையும் கொண்டுபோயி உள்ள போட்டுருவான். வீட்டுக்கு முன்பணம் குடுத்தாச்சு. கொஞ்ச நாளு பேசாம இரு."

அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படிப் பேசமாட்டான் என்று ராஜம்மா நினைத்தாள். அந்த முற்றத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"அந்த நம்பரு எதுன்னு ஒங்களுக்குத் தெரியாது" என்றாள். "அது அவன் நெஞ்சுல..."

பிச்சைமுத்து துணியை நான்காக மடித்தான். பிறகு எட்டாக மடித்தான்.

"நானுந்தான பாத்தேன் அந்த அட்டைய" என்றான்.

ராஜம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது அடைத்துக்கொண்டது.

"தெரிஞ்சேவா வாங்குனீங்க?"

"எல்லாரும் செத்தவன் நம்பரத்தான எடுக்குறான்? அவன் ஒன்ன அம்மா மாதிரி நெனச்சவன். நமக்குன்னு விட்டுட்டுப் போனதா நெனச்சுக்கிட்டேன். அதுல என்னா தப்பு, சொல்லு."

அவன் வாதாடவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ரேடியோ, புதுக் கொசுவலை, சுவரில் மாட்டிய கண்ணாடி, தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் உட்கார்ந்தாள். வளையலைக் கழற்றப் பார்த்தாள், அந்த மாதங்களில் வந்த கோழியும் முட்டையும் கையைப் பருக்கவைத்திருந்தன, வரவில்லை.

அடுத்த நாள் தலை வார வந்த கருப்பாயியிடம் சொல்லிவிட்டாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் மறுபடி தட்டை எடுத்துவிடுவோம் என்று பயந்தாள். கருப்பாயியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"சுப்பனா? நம்ம சுப்பனா? மூணாவது பலகையா?" அவள் குரல் உடைந்தது. "நானும்ல பாத்துட்டு வந்தேன். மீசய வச்சி அடையாளந் தெரியலயேடி, நம்பரையும் பாக்கல. என் வீட்டுல சோறு தின்ன புள்ள."

வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ராஜம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தாள், அந்தச் சத்தியத்தைச் சாகும்வரை காப்பாற்றவும் செய்தாள். மூக்கைச் சிந்தித் துடைத்து, பின்னலை முடித்து, கண்ணீர் காயாத கண்ணோடு குனிந்து கேட்டாள்.

"அவனுக்கு என்னா வயசுடி இருக்கும்?"

ராஜம்மா அவளைப் பார்த்தாள். கருப்பாயி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை ராஜம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். பிச்சைமுத்து அலோர் காஜாவுக்குக் கிளம்பிப் போயிருந்தான். மண்டோருக்கு ஆச்சரியம், ஆனால் ஆள் பற்றாக்குறை, போ என்றுவிட்டார். வாளிக்குள் ராத்திரிச் சோற்றில் எள் கலந்து பிடித்த மூன்று உருண்டைகள், மேலே பால் துடைக்கும் கந்தல்.

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் ருக்கையா, ரெம்பியாவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். கெடுபிடிக்காரி. கொஞ்ச நாள் முன்னால்தான் ஒருத்தி இடுப்பில் முடிந்துவைத்திருந்த அரிசியைக் கண்டுபிடித்து ஜெயிலுக்கு அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் கைபட்டால் பெண்கள் நடுங்கினார்கள்.

"யக்கா, வேலைக்கா? ஒடம்பு தேவலயா?" என்று சொல்லிக்கொண்டே வாளிக்குள் கையை விட்டாள். கை நின்றது. கந்தலின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். சற்றுத் தள்ளித் துப்பாக்கியோடு மலாய்க் காவலன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக்கா இது?" பதற்றத்தில் குரல் வெறும் காற்றாக வந்தது. "சோறு! யாருக்கு?"

 யாருக்கென்று சொன்னால் தீர்ந்தது. பேசாமல் நின்றாலும் தீர்ந்தது. அப்போது அவள் செய்தது அவளுக்கே எங்கிருந்து வந்ததென்று தெரியாது. கழுத்தைத் தளரவிட்டாள். கண்ணை ருக்கையாவின் தலைக்கு மேலே எங்கோ விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யூகித்து அப்படி வைத்துக்கொண்டாள்.

ருக்கையா அந்த முகத்தைப் பார்த்தாள். காவலனைப் பார்த்தாள். உதடு அசையாமல் பேசினாள்.

"எனக்கு இதெல்லாம் ஹராம்க்கா. மாப்பிள்ளைக்குத்தான் பித்து, ராவும் பகலும் ஒன் பேச்சுத்தான். ஒரு நம்பரு சொல்லு. புது நம்பரு."

"அறுநூத்தி எட்டு" என்றாள் ராஜம்மா.

வாயில் வந்ததைச் சொன்னாள். அவள் பெரிதாக ஒரு பொய்யும் சொன்னதில்லை, அந்த முற்றத்தில் சொன்னதைத் தவிர. ருக்கையா கந்தலை இழுத்து மூடினாள்.

"சரி சரி, அடுத்த ஆளு!" என்று கத்தினாள்.

பின்னால் நின்ற கருப்பாயியின் காதில் அது விழுந்துவிட்டது. வேலியைத் தாண்டி மரநிரைக்குள் வந்த பிறகும் விடவில்லை. "அறுநூத்தி எட்டாடி? நெசமாவா? இத்தன நாளு ஒன் தலையில ஈரு எடுத்தவகிட்டச் சொல்லாம எவளோ ஒருத்திகிட்ட சொல்ற!"

ராஜம்மா ஆற்றுப் பக்கம் இறங்கினாள். ஆறு என்பது பேச்சுக்குத்தான், இடுப்பளவு கலங்கல் ஓடை. கரையில் ஒரு வாழையிலை கிடைக்கவில்லை, பால் வெட்டும் கித்தா மரத்து இலைகளைப் பரப்பி உருண்டைகளை வைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். முறைப்படி என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, ஆண்கள் செய்வது அது. "தின்னுடா" என்றாள். இலையோடு எடுத்துத் தண்ணீரில் விட்டாள். ஒன்று உடனே கரைந்தது, இரண்டு கொஞ்ச தூரம் போயின. அழலாம் என்று காத்திருந்தாள், வரவில்லை. வாளியில் ஒட்டிய பருக்கைகளை நகத்தால் சுரண்டி எடுத்து, அலசி, மரத்துக்குப் போய் வெட்ட ஆரம்பித்தாள். கை மறக்கவில்லை.

அறுநூற்றெட்டு அன்று மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. புது வாக்கு வந்துவிட்டது! ரெம்பியாவில் அந்த எண்ணில் முடியும் சீட்டுக்காக அடிதடி நடந்தது. ருக்கையாவின் புருஷன் அவள் கம்மலை அடகு வைத்தான். டிரசர் ஆள் அனுப்பி வாங்கினார். அலோர் காஜாவிலிருந்து திரும்பிய பிச்சைமுத்து, கையில் மிச்சமிருந்ததில் பாதியை அதில் போட்டான்.

ஒருவருக்கும் விழவில்லை. ஓர் ஆறுதல் பரிசுகூட இல்லை.

குலுக்கல் முடிவு தெரிந்த மாலையில் ஆட்கள் ஒவ்வொருவராகப் பிச்சைமுத்துவின் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் போட வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, பாயில் உட்கார்ந்தார்கள். ராஜம்மா ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்குச் சரியான பதில் சொன்னாள். கண் நேராகப் பார்த்தது.

"தெளிஞ்சிருச்சு" என்றார் டிரசர் கணேசமூர்த்தி, பெருமூச்சோடு. "நான் குடுத்த மருந்து வேல செஞ்சிருச்சு போல."

"எப்படி இருந்த பொம்பள" என்றார் மண்டோர்.

"மனசத் தேத்திக்க பிச்சமுத்து. நம்ம கையில என்ன இருக்கு?"

பிச்சைமுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். கதவருகே பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள்.

கருப்பாயி அடுப்படிக்குப் போனாள், வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி வைக்கலாமென்று. அடுப்பு பற்றவைக்கவில்லை. சாம்பல் காலையில் வழித்தெடுத்து மெழுகியபடி அப்படியே இருந்தது. ஒரு விறகுகூட உள்ளே தள்ளியிருக்கவில்லை. கருப்பாயி அதைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்குப் போய், பெரிய பானையில் வரக்காப்பி போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றினாள். சாவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி செய்யவேண்டியது அது.

கடைசிக் குவளையை ராஜம்மாவின் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு எழவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒப்பாரிக்கு இழுக்கிற மாதிரி ஒரு மூச்சை இழுத்தாள். ராஜம்மா அவள் தோளில் முகத்தை வைத்து, வீடு அதிரும்படி அழ ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அத்தனை பணம் போனால் யாருக்குத்தான் அழுகை வராது என்று ஆண்கள் வாசலில் பேசிக்கொண்டார்கள்.